வலமாக ஓடியவள்

எங்கள் ஊரில் முதல் செங்கல் காளவாய் போட்டவன் நான். ரயிலடிக்குப் போகிற சாலையில் காட்டாமணக்கு மண்டிக் கிடந்த இடத்தில் அரிசி ஆலை எழுப்பியவன் நான். எந்த ஆலையில் மூட்டை தூக்கினேனோ அதன் முதலாளி கடைசிக் காலத்தில் தன் எந்திரத்தை என்னிடம்தான் விற்றுவிட்டுப் போனார். பிள்ளையார் கோயிலுக்கு மண்டபம், பேருந்து நிற்கிற இடத்தில் நிழற்குடை, வாய்க்கால் மேல் வண்டி போகிற அளவுக்குப் பாலம், எல்லாம் என் கைப்பட நடந்தவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை, சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை, காலை வாரிவிடத்தான் பல பேர் இருந்தார்கள். நான் உண்டாக்கியவற்றில் ஒன்று மட்டும் இருந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அது ஒரு ஓட்டப் பாதை. சுற்றினால் இருநூறு மீட்டர், இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. அதில் ஓடியவள் என் அக்கா மகள். அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னை விட்டுவிட்டு அவளை எழுத முடியாது என்பதால் இவ்வளவும் முதலில் சொல்லவேண்டியதாயிற்று.

அக்காள் புருஷன் செத்தபோது மகளுக்கு நான்கு வயது. தாயும் மகளும் என் வீட்டில்தான் இருந்தார்கள், என் சோற்றைத்தான் தின்றார்கள். இதைச் சொல்லிக்காட்டுவதற்கு நான் வெட்கப்படுவதில்லை, நடந்தது நடந்ததுதான். வயலில் ஆள் நிற்கும்போது கஞ்சி கொண்டுபோவது அவள் வேலை. தூக்குவாளியோடு புது ஆற்றங்கரையில் ஓடுவாள், கரை இறங்கி வரப்பில் ஓடுவாள். ஒரு சாண் அகல வரப்பு, இரண்டு பக்கமும் சேறு, வாளியில் கஞ்சி தளும்பாது. நாங்கள் யாரும் அதை ஓட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. சீக்கிரம் வருகிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்தான் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். அந்த வருஷம் மார்கழியில் தஞ்சாவூரில் கிராஸ் கண்ட்ரி என்று ஒரு போட்டி. ரோடு, தோப்பு, வயல், வாய்க்கால் என்று கண்ட இடத்திலும் விழுந்து ஓடவேண்டும். முதல்நாள் ராத்திரி நல்ல மழை. டவுன் பெண்கள் வரப்பில் கால் வைத்ததும் வழுக்கி வழுக்கி உட்கார்ந்தார்கள். இவள் முழங்கால் வரை சேற்றோடு ஒற்றை ஆளாக வந்து நின்றாள். இரண்டாவது ஆள் வருவதற்குள் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டாள் என்று டிரில் மாஸ்டர் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். கோப்பையை ஆலை ஆபீசில் என் தலைக்கு மேலே வைத்தேன். நெல் கொண்டுவருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்வேன்.

தை பிறந்ததும் டிரில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இனிமேல் காட்டு ஓட்டம் இல்லை, மைதானத்து ஓட்டம் என்றார். மாசிக் கடைசியில் மாவட்டப் போட்டி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மெட்ராசில் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள், சாப்பாடு, காலேஜ் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு, பிறகு போலீசிலோ ரயில்வேயிலோ வேலை நிச்சயம் என்றார். அதே வாரம்தான் கோடியக்கரைப் பக்கத்திலிருந்து உப்பளக்காரர் வீட்டுச் சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. நல்ல இடம். பெண்ணுக்குச் சித்திரையில் பதினெட்டு முடிகிறது. அக்காள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "முதல் ரெண்டுக்குள்ள வந்தா மெட்ராஸ். வரலேன்னா வைகாசியில கல்யாணம். அதுக்கு மேல ஒரு பேச்சு கிடையாது."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்புறம் மாற மாட்டீங்களே மாமா?"

"நான் சொன்ன சொல்லு மாறினேன்னு ஊர்ல ஒருத்தன் சொல்லட்டும்."

"அது போதும்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஓடுவதற்கு இடம் இல்லை. ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றி நாலு முழ முற்றமும்தான் இருந்தது. நான் இடம் தருகிறேன் என்றேன். டிரில் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தின் கதையை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் கட்சி ஆட்சிக்கு வந்ததும் குத்தகைக்காரர்களுக்கு ஆதரவாகச் சட்டம் வந்தது. உழுகிறவன் பெயரைத் தாலுக்கா ஆபீசில் பதிந்துவிட்டால் நிலத்துக்காரர் அவனை எழுப்ப முடியாது. பயந்துபோன மிராசுதார்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டு டவுனுக்குப் போனார்கள். நான் அப்படி ஒருவரிடம் மூன்று மா நிலம், ஒரு ஏக்கர் வரும், வாங்கினேன். அதைத் தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத ஒருவர் இருந்தார். பெயரைப் பதியாமல் விட்டிருந்தார், ரசீதும் இல்லை. நிலம் தன் சாகுபடியில் இருக்கிறது என்று அவர் மனுப் போட்டார். செங்கொடிக்காரர்கள் நாலு பேர் பின்னால் நின்றார்கள். அதிகாரி மாசியில் நேரில் வந்து பார்ப்பதாக உத்தரவு. அந்த மனிதர் கெட்டிக்காரர், சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிட்டார். அறுவடை முடிந்து பார்த்தால் அரிதாளுக்கு நடுவே உளுந்து இரண்டிலை விட்டு நிற்கிறது. அதிகாரி வரும்போது அது பூத்திருந்தால் நிலம் அவர் சாகுபடிதான். சாகுபடி இல்லாத இடம், பிள்ளைகள் ஓடுகிற மைதானம் என்றால் அவர் வழக்கு நிற்காது. நான் டிராக்டரை இறக்கிப் பரம்பு ஓட்டித் தரையை மட்டமாக்கினேன். உளுந்து போயிற்று, மைதானம் வந்தது. ஒரே கல்லில் எத்தனை காய் விழுந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கோடு போடுகிற அன்று டிரில் மாஸ்டர் கயிறும் முளைக்குச்சியும் கொண்டுவந்து அளந்து கொடுத்தார். சுண்ணாம்பு வண்டியை நான் தள்ளினேன். கிழக்கே கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, வலமாக ஒரு சுற்று வந்தேன். அப்புறம் அவளை ஓடச் சொன்னேன். அவள் இடது கைப் பக்கமாகத் திரும்பினாள். நான் நிறுத்தினேன். "வலமா ஓடு." டிரில் மாஸ்டர் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார், பந்தயத்தில் எல்லா ஊரிலும் இடது கை உள்பக்கமாக இருக்கும்படிதான் ஓடுவார்கள், உலகம் முழுக்க அப்படித்தான் என்று. உலகம் எப்படியோ ஓடட்டும். எங்கள் பக்கத்தில் இடமாகச் சுற்றுவது பிணத்தை. கொள்ளிச்சட்டி தூக்கியவன்தான் அப்படிச் சுற்றுவான். வழக்கில் இருக்கிற நிலத்தை, வீட்டில் வளருகிற பெண், தினமும் காலையும் மாலையும் இடமாகச் சுற்றினால் அந்த நிலம் என் கைக்கு வருமா? டிரில் மாஸ்டர் இன்னொரு தடவை வாயைத் திறந்தார். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, பக்கத்து ஊரிலேயே இருக்கவேண்டிய நிலை. "கோடியக்கரைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல டிரில் மாஸ்டர் இல்லையாமே சார்" என்றேன். அந்தக் காலத்தில் நான் ஒரு கடுதாசி கொடுத்தால் மாற்றல் நடக்கும். அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் கேட்டாள். "இப்படியே பழகினா அங்க வளைவுல தடுமாறும்னு சார் சொல்றாரு மாமா."

"சார் நிலத்துல ஓடுறியா, மாமா நிலத்துல ஓடுறியா?"

ஒன்றரை மாதம் வலமாக ஓடினாள். காட்டு ஓட்டத்திலிருந்து மைதானத்துக்கு வருவது லேசில்லை என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆற்றங்கரையில் ஓடும்போது எதிரே ஒரு பனைமரம் இருக்கும், அதைத் தாண்டினால் மதகு, மதகு தாண்டினால் கோயில். ஓடுகிறவளுக்குப் போய்ச் சேர இடம் உண்டு. இங்கே ஏழரைச் சுற்றும் அதே முளைக்குச்சி, அதே சுண்ணாம்பு. முதல் பத்து நாள் நாலாவது சுற்றில் சலித்துப்போய் நின்றுவிடுவாள். எத்தனை சுற்று ஆயிற்று என்பதே மறந்துபோகும். வரப்பில் ஓடிய கால் குத்திக் குத்தி விழும், அதை நீட்டி விடவேண்டும் என்பார் மாஸ்டர். வெறுங்காலோடு ஓடியவளுக்கு ஆணி வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன், தஞ்சாவூர் போய் நானே வாங்கினேன். பால், முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை, ஒரு நாளும் குறை வைக்கவில்லை. மாசி பிறந்தபோது விசில் ஊதினால் வில்லிலிருந்து விட்டதுபோல் போவாள். வலது தோள் சற்றுச் சாய்ந்து, வலது கை வயிற்றோடு ஒட்டி, வளைவில் அவள் திரும்புகிற அழகு இப்போதும் கண்ணில் நிற்கிறது. சுண்ணாம்புக்கு நடுவே உளுந்து அங்கங்கே மறுபடியும் முளைத்தது. அவள் கால் பட்டுப் பட்டே அது செத்தது. குத்தகைக்காரர் தினமும் வந்து வரப்பில் குந்திப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவள் ஓடி முடித்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். என்ன பேசினாள் என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "காலு தெரியாம மிதிக்குது பெரியப்பான்னு சொல்லுச்சுங்க. நீ ஓடு பாப்பா, உனக்கும் எனக்கும் வழக்கு இல்லன்னு சொன்னேங்க" என்றார்.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமலும் நான் அந்தப் பக்கம் போனேன். அவள் இடமாக ஓடிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தூரத்தில் சைக்கிளோடு நின்றார். என்னைக் கண்டதும் சைக்கிள் ஏறிப் போய்விட்டார். அவள் நின்றாள், ஓடவில்லை, ஒளியவுமில்லை. நான் அடிக்கவில்லை. என் வாழ்க்கையில் பெண்பிள்ளைமேல் கை வைத்ததில்லை. ஆற்றில் தண்ணீர் நிறுத்திவிட்ட காலம். கிணற்றடி அரை பர்லாங் இருக்கும். நாற்பது குடம் இறைத்துச் சுமந்துவந்து, சாணி கரைத்து, பாதை முழுக்கத் தெளிக்கச் சொன்னேன். பட்ட தீட்டுப் போகட்டும் என்றேன். அக்காள் ஒரு குடம் எடுத்தாள். அதைக் கீழே வைக்கச் சொன்னேன். வெயில் ஏறுகிறவரை அவள் ஒருத்தியே சுமந்தாள். முப்பதுக்கு மேல் எனக்கே எண்ண மனசில்லை, ஆனாலும் எண்ணினேன். கடைசிக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, "வலமாத்தானே தெளிக்கணும் மாமா?" என்று கேட்டாள். அது கேலியா பணிவா என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அதிகாரி மறுநாள் வந்தார். சாணி தெளித்துக் காய்ந்த தரை பளிச்சென்று இருந்தது. அவள் ஓடினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை வரவழைத்திருந்தேன், அவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். அதிகாரி குனிந்து பார்த்தார், ஒரு பச்சை இல்லை. இங்கே உளுந்து இருந்ததே என்று குத்தகைக்காரர் சொன்னார். எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார் அதிகாரி. காட்ட என்ன இருக்கிறது? ஜீப் போனபிறகு அந்த மனிதர் என்னிடம் வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலேயே சொன்னார்: "பொட்டப்புள்ள காலக் கொண்டு எங்க வயித்துல மிதிச்சிட்டீங்க. அந்தக் காலு உங்களுக்கு வேற எதுக்கும் ஆகாது." என் முன்னால் துண்டோடு நின்று பேசியவர் அதுவரை யாரும் இல்லை. நான் சிரித்துக்கொண்டேன்.

போட்டி நடந்த மைதானம் தஞ்சாவூரில் பெரியது, நானூறு மீட்டர் சுற்று. பத்துப் பெண்கள் நின்றார்கள். துப்பாக்கி வெடித்ததும் என் அக்கா மகள்தான் முன்னால் போனாள். நேர்கோட்டில் யாரும் அவள் நிழலைத் தொடவில்லை. முதல் வளைவு வந்தது. எல்லாரும் இடது பக்கம் சாய்ந்து கோட்டை ஒட்டித் திரும்பினார்கள். அவள் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. யாரோ வெளியே பிடித்துத் தள்ளியதுபோல் இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு என்று விலகிப் போனாள். அதற்குள் நாலு பேர் உள்பக்கமாக அவளைத் தாண்டினார்கள். அந்த முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேர்கோட்டில் மறுபடியும் பிடித்தாள், வளைவில் மறுபடியும் விட்டாள். அந்தப் பந்தயத்துக்கு ஏழு வளைவு. ஏழையும் நான் நின்று பார்த்தேன். கடைசி வளைவில் காலும் காலும் பின்னி, ஒரு கை தரையில் ஊன்றி எழுந்தாள். எழுந்து ஓடிய ஓட்டம்போல் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மூன்றாவது வந்தாள். இரண்டாவது வந்த கும்பகோணத்துப் பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரு கை நீளம். "கிராமத்துப் புள்ள, ரோட்டுல ஓடினது. வளைவு தெரியல" என்று பின்னால் ஒருவர் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டர் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. "திருச்சியில அடுத்த மாசம் இன்னொரு போட்டி இருக்குங்க. அதுலயும் ஆள் எடுப்பாங்க. ஒரு மாசம் இடமா ஓடினா போதும் முதலாளி. கால்ல விழுந்து கேக்குறேன்." வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அது ஒன்று. கூடத்தில் வைத்து நான் சொன்ன சொல் ஒன்று. முன்சீட்டில் இருந்தவள் திரும்பாமலேயே கேட்டாள், "சார் சொல்றது கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு" என்றேன். "சொன்னா சொன்னதுதான்."

பங்குனியில் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அதே வாரம் அந்தப் பாதையை நானே டிராக்டர் ஏறி உழுதேன். வைகாசியில் கல்யாணம். நாற்பது பவுன், மூன்று நாள் விருந்து, ஊரே சாப்பிட்டது. தாலி கட்டியபிறகு அக்கினியை வலம் வரும்போது அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். குத்தகைக்காரர் குடும்பம் அடுத்த வருஷம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பவளவிழா எடுத்து மலர் போட்டார்கள். சுற்றுச்சுவர் நான் கட்டியது என்று ஒரு வரி இருந்தது. விளையாட்டுப் பக்கத்தில் அவள் படம், கையில் கிராஸ் கண்ட்ரி கோப்பை. பயிற்சியாளர் என்று மாஸ்டர் பெயர். அதற்குக் கீழே, மாவட்டப் போட்டியில் காலில் சுளுக்கு ஏற்பட்டதால் மூன்றாம் இடம் பெற்றார் என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கார் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் போனபிறகு உப்பளத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். காலில் செருப்பில்லாமல் பாத்தி வரப்பில் நடந்து வந்தாள், வேகம் குறைந்திருந்தது, கால் தப்பவில்லை. மோர் கொடுத்தாள். மலரைக் காட்டி, ஏது சுளுக்கு, யார் சொன்னது என்று கேட்டேன்.

"நாந்தான் சொன்னேன். எதனால தோத்தீங்கன்னு போன்ல கேட்டாங்க."

"நடந்தத சொல்றதுக்கென்ன?"

அவள் மலரை மடித்து என் மடியில் வைத்தாள். "சொன்னா உங்க பேர சொல்லணும். என் பேருக்குக் கீழ உங்க பேரு அச்சாகும். அது வேணாம்னுதான் மாமா."

அவ்வளவுதான் பேசினாள். நான் வருந்துகிறேனா என்று யாராவது கேட்டால், அதைக் கேட்கவேண்டியவள் கேட்கவில்லை, மற்றவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு அவசியமில்லை. ஆனால் பொய் அச்சில் நிற்கக்கூடாது. மலர்க் குழுவினர் இதைப் படிப்பார்கள் என்பதால் இதன் மூலமாகவே கேட்கிறேன். அவள் காலில் சுளுக்கு இல்லை. வரப்பில் பிறந்த அந்தக் காலுக்குச் சுளுக்குத் தெரியாது. மாஸ்டர் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அவர் வாயை அடைத்தது நான். ஒன்றரை மாதம் அவளை வலமாக ஓடவைத்தது நான், இடமாக ஓடியதற்குக் குடம் சுமக்கவைத்தது நான், திருச்சி வேண்டாம் என்றது நான். முதலிடம் வரவேண்டிய பெண்ணை மூன்றாமிடத்துக்குக் கொண்டுவர ஒரு ஆளாக இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், ஒரு வரிகூடப் போடாமல் சுளுக்கின் தலையில் கட்டினால் எப்படி? அடுத்த பதிப்பில் திருத்துங்கள். அவள் வேண்டாம் என்பாள். என்றாலும் அவள் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், என் பெயரைப் போடுங்கள்.